உம் கொட்டத் தெரிந்தவர்

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதட்டுமா என்று கேட்டால் "ம்" என்பார். அந்த "ம்"முக்குச் சரி என்று அர்த்தமா, வேண்டாம் என்று அர்த்தமா, சும்மா காதில் விழுந்தது என்று அர்த்தமா? அவரோடு பதினாறு வருஷம் குடும்பம் நடத்திய அவர் மனைவிக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்?

பந்தல்குடி தாண்டி, தூத்துக்குடி ரோட்டில் இருந்த ஓர் எடைமேடையில் அவர் வேலை பார்த்தார். விறகுக்கரி, மக்காச்சோளம், மல்லி, வத்தல் என்று சுற்றுவட்டாரத்தில் எது லோடு ஏறினாலும் அந்த மேடையில் நின்றுவிட்டுத்தான் போகும். வண்டி ஏறி நிற்கும். கம்ப்யூட்டரில் எண் ஓடி நிலைக்கும். சீட்டு அச்சாகி வரும். மொத்தம் ரெண்டு நிமிஷ வேலை. ஆனால் டிரைவர்கள் இருபது நிமிஷம் நிற்பார்கள். அவர் உட்கார்ந்திருந்த சின்ன அறையின் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பேசுவார்கள், பேசுவார்கள், பேசிக்கொண்டே இருப்பார்கள். அடுத்த லாரிக்காரன் ஆரன் அடிப்பான். இறங்கி வந்து சண்டை பிடிப்பான். அவன் முறை வந்ததும் அவன் இருபத்தைந்து நிமிஷம் எடுத்துக்கொள்வான்.

எனக்குப் பாளையம்பட்டி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் சென்டர். ஆன்லைன் விண்ணப்பம் போடுவது, பட்டா நகல் எடுப்பது, ஜெராக்ஸ், கல்யாணப் பத்திரிகை டைப் அடிப்பது எல்லாம் நான் ஒருத்திதான். ஒரு நாள் காலையில் அவர் வந்து நின்றார். நெற்றியில் துண்டால் அழுத்தித் துடைத்த கரித்தடம்.

"என்னாண்ணே வேணும்?"

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினார். ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் விளம்பரம். எம்.எஸ்ஸி. கவுன்சிலிங் சைக்காலஜி, வேலை பார்ப்பவர்களுக்கு வாரக் கடைசியில் ஆன்லைன் வகுப்பு.

எங்கள் பக்கத்தில் கவுன்சிலிங் என்றால் பிளஸ் டூ முடித்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இஞ்சினியரிங் சீட்டுக்குப் போவது. வேறு அர்த்தம் கிடையாது.

"யாருக்குண்ணே சீட்டு? மகளுக்கா?"

"எனக்கு."

அடுத்த ஐந்து நாளைக்கு அவர் வாயிலிருந்து வந்த நீளமான பேச்சு அதுதான்.

அவருக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. தபால் வழியில் பி.ஏ. வரலாறு முடித்திருந்தார். இந்த மனுஷன் ஊருக்கு ஆலோசனை சொல்லப் போகிறாரா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் அந்த "ம்"மால் அவர் பட்ட பாடு எங்கள் ஏரியாவுக்கே தெரியும். டீக்கடையில் "வடை வைக்கவா?" என்றால் "ம்". "பஜ்ஜி?" "ம்". வைத்ததையெல்லாம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நகர்த்திவிட்டு டீயை மட்டும் குடித்துவிட்டுப் போவார். வீட்டில் தண்ணீர் சுத்தம் பண்ணுகிற மெஷின் ரெண்டு. ரெண்டு கம்பெனிக்காரனுக்கும் "ம்" சொல்லியிருந்தார். ஊர்த் திருவிழாக் கூட்டத்துக்கு வேடிக்கை பார்க்கப் போனவரை, "நீங்க தலைமை ஏத்துக்கிருதீகளா?" என்று கேட்டுத் தலைவராக்கிவிட்டார்கள். ஒரு தடவை ஏதோ வங்கியிலிருந்து ஒரு பெண் போன் பண்ணி, அட்டை வேண்டுமா என்று ஆரம்பித்திருக்கிறாள். அரை மணி நேரம் கழித்து அவள், தனக்கு இந்த வேலையே பிடிக்கவில்லை, மேனேஜர் திட்டுகிறார் என்று அழுதிருக்கிறாள். அட்டை வரவில்லை. ஆனால் வருஷா வருஷம் பொங்கலுக்கு அவளிடமிருந்து வாழ்த்து வருகிறது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது அவர் மனைவி. நான் மதினி என்று கூப்பிடுவேன். ரெண்டாம் தடவை வந்தபோது அவரைத் தானே கூட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்த்தி வைத்தார்.

"பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பா கேட்டாரு தாயி, பொண்ணு பிடிச்சிருக்கா மாப்ளன்னு. இவுக 'ம்'ன்னாக. பிடிச்சிருக்குன்னு சொன்னாகளா, 'என்ன கேட்டீக?'ன்னு திருப்பிக் கேட்டாகளா, இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல. கல்யாணம் முடிஞ்சு பிள்ளையும் எட்டாவது போயிருச்சு."

அவர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் இந்தப் பதினாறு வருசமாப் பேசுனத மேடையில ஏத்துனா ஒரு லாரி லோடு தேறும். இவுக பேசுனத ஒரு தீப்பெட்டியில போட்டு ஆட்டலாம்."

நான் விண்ணப்பத்தைத் திறந்தேன். அந்த இணையதளத்தில் ஒரு தொல்லை இருந்தது. இருபது நிமிஷத்துக்குள் பக்கத்தை நிரப்பிச் சேமிக்காவிட்டால், "உங்கள் நேரம் முடிந்தது" என்று ஆங்கிலத்தில் சொல்லி வெளியே தள்ளிவிடும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இருபது நிமிஷம் எனக்கு மூன்று விண்ணப்பம் போடுகிற நேரம். பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன்.

பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் ஓடிவிட்டது. தொழில் என்ற இடத்தில் நீளமாக ஒரு பட்டியல் விரிந்தது. விமானி கூட இருந்தது. எடைமேடை இல்லை. தேடிக்கொண்டே, ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன்.

"எங்கக்கா வீட்டுக்காரருக்கும் இதே சிக்கல்தாண்ணே. என்ன வேலைன்னு கேட்டா ஒரு வார்த்தையில சொல்ல வராது."

"ம்."

அந்த "ம்" எப்படியிருந்தது என்று எழுதிக் காட்ட முடியவில்லை. கதவை யாரோ உள்பக்கமாகத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. நான் பாட்டுக்குப் பேச ஆரம்பித்துவிட்டேன். காரியாபட்டியில் இருக்கிற என் அக்கா ஒரு வருஷத்துக்கு மேலாக என்னோடு பேசுவதில்லை. காரணம், எங்கள் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு அடித்த பத்திரிகை. அதில் என் வீட்டுக்காரர் பெயருக்குப் பின்னால் டிப்ளமோ என்று இருந்தது. அக்கா வீட்டுக்காரர் பெயருக்குப் பின்னால் இருக்க வேண்டிய பி.ஏ. இல்லை. டைப் அடிக்கும்போது விட்டுப்போனது. அதற்காக ஒருத்தி கூடப் பிறந்தவளின் வீட்டுப் பாலைக் குடிக்காமல் போவாளா? நியாயமா?

"ம்."

திரையில் நேரம் முடிந்திருந்தது.

மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் பத்தாம் வகுப்பு மதிப்பெண் வரைக்கும் போய்ச் சேர்ந்தோம். நாலாம் நாள் "உங்கள் பேச்சுத் திறனுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கொடுங்கள்" என்று கேட்டது. அவர் சுட்டியை வாங்கி ஒன்றில் வைத்தார். நான் நாலுக்கு மாற்றினேன். அவர் திரும்ப ஒன்றுக்கு மாற்றினார். ஆளுக்கு மூணு தடவை மாற்றி, ரெண்டில் சமாதானம் ஆனபோது, அக்காவைப் பற்றி நான் மிச்சம் வைத்திருந்தது ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கும் போச்சு.

ஐந்தாம் நாள் அவர் வந்து உட்கார்ந்ததும் நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "அண்ணே, இன்னைக்கு நான் வாயத் தொறக்க மாட்டேன். நாலு நாள்ல கடைசித் தேதி."

"ம்."

ரெண்டு நிமிஷம்தான் தாங்கினேன்.

"அது விட்டுப்போகலண்ணே," என்றேன். "நானாத்தான் எடுத்தேன்."

இதை நான் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. அதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் இல்லை. என் கல்யாணத்தில் பத்துப் பேர் முன்னால் அக்கா என் வீட்டுக்காரரை "மில்லு மாப்பிள்ளை" என்று சொல்லிச் சிரித்தாள். அதை வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தேன். பத்திரிகை அடிக்கும்போது அந்த பி.ஏ.வை டைப் அடித்துவிட்டு, ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, அழித்தேன். எப்படி அழித்தேன் என்பதுகூட ஞாபகம் இருந்தது. ஒவ்வோர் எழுத்தாக.

அவரிடமிருந்து "ம்"கூட இல்லை. ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு பெரியவரைக் கையைக் காட்டி வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார், அவ்வளவுதான். திரை வெளியே தள்ளியதை ரெண்டு பேரும் கண்டுகொள்ளவில்லை.

அன்று மத்தியானம் அக்காவுக்குப் போன் போட்டேன். தெரிந்தே செய்தேன் என்று சொன்னேன். அவள், "அடியே, எனக்கு அன்னைக்கே தெரியும்டி. பள்ளிக்கூடத்துலயே ஒரு எழுத்துப்பிழை விடாதவ நீ," என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்ததால் சண்டை நன்றாகவே இருந்தது.

ஆறாம் நாள் வாயைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு விண்ணப்பத்தை முடித்தேன். ஒன்றே ஒன்று தவிர. "இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்? ஐந்நூறு வார்த்தைக்குள் எழுதுக."

இதற்கெல்லாம் என்னிடம் தயார் சரக்கு உண்டு. "சிறு வயது முதலே மனித மனத்தின் ஆழங்களை அறிய வேண்டும் என்ற வேட்கை..." என்று அடித்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கடைசி வரைக்கும் படித்தார்.

"யாரு இவரு?" என்றார்.

"நீங்கதாண்ணே!"

தலையை ஆட்டினார். இல்லையென்று.

"அப்ப நீங்களே சொல்லுங்க. டிரைவர்க உங்ககிட்ட எவ்வளவோ சொல்லுறாக. அதுல ரெண்ட எடுத்து விடுவோம்."

"அது அவுக சொன்னது. எழுதப்படாது."

"திருப்பூர்க் கதையாவது?"

அவர் முகம் மாறியது. இந்தக் கதையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஊரே பார்த்தது, மிச்சத்தைச் சம்பந்தப்பட்ட டிரைவரே ஊரில் சொன்னார் என்பதால்தான் நான் சொல்கிறேன். கரி லோடு ஓட்டுகிற டிரைவர் ஒருவர், ஜன்னலில் நின்று, "வீட்ல ஒரே ரோதனையா இருக்குண்ணே. பேசாமத் திருப்பூருக்கு ஓடிப் போயிரலாமான்னு இருக்கு," என்று சொல்லியிருக்கிறார். இவர் வழக்கம்போல "ம்" என்றிருக்கிறார். டிரைவர் வண்டியை முதலாளியின் ஷெட்டில் விட்டுவிட்டு அன்றைக்கே கிளம்பிப் போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து அந்த டிரைவரின் மனைவி ஆட்டோவில் வந்து இறங்கி, நேரே எடைமேடை மேலேயே ஏறி நடுவில் நின்றுகொண்டார்.

"ஏய்யா, அவரு போன் பண்ணுறாரு, 'எடைமேட அண்ணேதான் போகச் சொன்னாரு'ன்னு! எம் புருசன் வர்ற வரைக்கும் நான் எறங்க மாட்டேன்!"

ரெண்டு பக்கமும் லாரிகள் நின்றுவிட்டன. இவர் ஒன்றும் பேசத் தெரியாமல், பழக்கதோஷத்தில் பொத்தானை அழுத்திவிட்டார். அறுபது கிலோ என்று சீட்டு அச்சாகி வந்தது. வண்டி எண் காலி. அந்தம்மாவுக்கு இன்னும் கோபம் வந்துவிட்டது. தன் எடை ஐம்பத்தெட்டுதான் என்று.

பிறகு இவர் லீவு போட்டுவிட்டுத் திருப்பூருக்கு மூன்று தடவை அலைந்து அந்த டிரைவரைக் கண்டுபிடித்தார். ஒரு டீக்கடையில் எதிரே உட்கார்ந்து, அவர் சொன்னதையெல்லாம் மறுபடியும் கேட்டார். அங்கேயும் "ம்"தான். இந்தத் தடவை டிரைவர் அதை "வீட்டுக்குப் போ" என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கே பஸ் ஏறிவிட்டார்.

"அது அந்த டிரைவரு கதை," என்றார்.

"உங்க கதையுந்தாண்ணே. உங்க பாகத்த மட்டும் எழுதுங்க."

பிறகு பேனா வாங்கி, எடைச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். அதை அப்படியே ஆங்கிலத்தில் மாற்றினேன். அவர் எழுதியது இது:

"நான் பதினெட்டு வருடமாக எடைமேடையில் இருக்கிறேன். வருகிறவர்கள் பேசுவார்கள். நான் கேட்பேன். கேட்டாலே போதும் என்று நினைத்தேன். ஒரு தடவை நான் சொல்லாததை நான் சொன்னதாக எடுத்துக்கொண்டு ஒரு குடும்பம் கஷ்டப்பட்டது. எப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. சொல்லிக் கொடுங்கள்."

"ஐந்நூறு வார்த்தை வரைக்கும் எழுதலாம்ணே."

"ம்."

பரிந்துரைக் கடிதம் ரெண்டு வேண்டியிருந்தது. எடைமேடை முதலாளி ஒரே வரியில் கொடுத்தார்: "இவர் பதினெட்டு வருடத்தில் ஒரு கிலோகூடக் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை." இன்னொன்றுக்கு நாமக்கல் டிரைவர் ஒருவரிடம் போனில் கேட்டு நான் டைப் அடித்தேன். அவர் சொன்னதைக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. "அவரு மாதிரிப் பேசுறதுக்கு ஆளே கெடையாதுங்க. போன மாசம்கூட என்கிட்ட ஒரு மணி நேரம் என்ன அருமையாப் பேசுனாருங்கறீங்க!" என்றார்.

ஒரு சனிக்கிழமை பதினோரு மணிக்கு வீடியோவில் நேர்முகத் தேர்வு. லாரிச் சத்தம் இருக்கக்கூடாது என்று என் கடையிலேயே வைத்துக்கொண்டோம். நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கேமராவில் விழாத மூலையில் நின்றேன். மதினி கையில் விபூதியோடு வெளியே.

திரையில் மூன்று பேர். நடுவில் ஒரு பேராசிரியை, ஒரு பக்கம் இளைஞர், இன்னொரு பக்கம் மூக்குக்கண்ணாடி போட்ட பேராசிரியர்.

"தமிழ்லயே பேசலாம் சார். உங்களைப் பத்திச் சொல்லுங்க," என்றார் அம்மையார்.

"எடைமேடையில வேல பாக்குறேன்."

அவர்கள் மிச்சத்துக்காகக் காத்திருந்தார்கள். இவரும் காத்திருந்தார்.

"மேடம், அவர் பக்கம் நெட் போயிருச்சு. படம் உறைஞ்சு நிக்குது," என்றார் இளைஞர்.

இவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"இல்ல, தலை ஆடுது," என்றார் அம்மையார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கையை விரித்து, வாயைக் காட்டி, பேசுங்கள் பேசுங்கள் என்று மூலையிலிருந்து கும்பிட்டேன். அவர் என்னைப் பார்த்து "ம்" என்றார்.

கண்ணாடிக்காரர்தான் நிலைமையைச் சமாளித்தார். "சரி, ஒரு சின்னப் பயிற்சி பண்ணுவோம். உங்ககிட்ட ஆலோசனை கேட்டு வந்தவர்னு என்னை வச்சுக்குங்க. என் பையன் என்கிட்டப் பேசுறதில்லை. சும்மா ஒரு உதாரணத்துக்கு."

"ம்."

அந்தக் கதவு திறப்பதை நான் இங்கிருந்தே பார்த்தேன். முதல் ரெண்டு நிமிஷம் உதாரணமாகத்தான் இருந்தது. அப்புறம் பையன் என்ன படிக்கிறான், எந்த ஊரில் இருக்கிறான் என்றெல்லாம் வந்தது. ஏழாவது நிமிஷத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அவர் மகனைப் பற்றிச் சொன்னதை நான் எழுதுவது முறையில்லை. இளைஞர் கடிகாரத்தைப் பார்த்து, "சார், நேரம்..." என்றார்.

"ஒரு நிமிஷம்ப்பா," என்று அவர் தொடர்ந்தார். பிறகு அவராகவே நின்றார். நின்று, திரையையே பார்த்தார்.

"ம்," என்றார் எடைமேடைக்காரர்.

போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் அவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். கதை சொன்னவரிடம் அவர் திருப்பிக் கேள்வி கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"சார், இப்ப நான் 'ம்'ன்னு சொன்னேன்ல. அத நீங்க என்னான்னு எடுத்துக்கிட்டீக?"

பேராசிரியர் யோசித்தார். "நானே போன் பண்ணிப் பேசணும்னு நீங்க சொல்றதா..."

"நான் அப்பிடிச் சொல்லல சார். காதுல விழுந்துச்சுன்னு மட்டுந்தான் சொன்னேன். போன் பண்ணணும்னு நீங்கதான் சொல்லுறீக."

மூன்று பேரும் அசையவில்லை. "படம் உறைஞ்சுபோச்சாண்ணே?" என்று நான் மூலையிலிருந்து கேட்டேன். அப்போதுதான் அம்மையார் குனிந்து ஏதோ எழுதினார்.

இடம் கிடைத்தது. மூன்று வாரம் கழித்து மெயில் வந்தபோது, நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பந்தல்குடிக்குப் போய், ஜன்னலில் போனை நீட்டினேன். அவர் படித்துவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அன்றைக்கு வரிசையில் நின்ற லாரிகளுக்கு நான்தான் சீட்டு அச்சடித்துக் கொடுத்தேன். ரெண்டு வருஷத்தில் படிப்பை முடித்து, இப்போது மதுரைப் பக்கம் குடிநோயிலிருந்து மீள்கிறவர்களுக்கான ஓர் இல்லத்தில் வேலை பார்க்கிறார். குடும்பமும் அங்கேயே போய்விட்டது. பார்த்து நாளாயிற்று.

கடைசியாக ஒன்று. படிப்பு தொடங்கியபோது முதல் வகுப்புக்கு மட்டும் நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவரை ஏற்றிவிட நானும் மதினியும் போனோம். மதினி ஜன்னலுக்குக் கீழே நின்று, எலுமிச்சைச் சோறு எந்தப் பையில், ஜமுக்காளம் எந்தப் பையில், பக்கத்துச் சீட்டுக்காரன் கதை சொன்னால் எப்போது தூங்கிவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பஸ் கிளம்பியது. அப்போது அவர் ஜன்னலில் தலையை நீட்டி மதினியைப் பார்த்து ஏதோ சொன்னார். சின்னச் சொல் இல்லை. வாய் அசைந்துகொண்டே போனதை நான் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து, திருச்சுழி பஸ்ஸுக்காரன் விடாமல் ஆரன் அடித்தான். பஸ் ரோட்டில் திரும்பிவிட்டது.

"என்னமோ சொன்னாகளே! உனக்குக் கேட்டுச்சா?"

"இல்ல மதினி."

"பதினாறு வருசங் கழிச்சு வாயத் தொறந்தாக, நாசமாப் போறவன் ஆரன் அடிச்சிட்டானே!" என்று மதினி அந்த டிரைவரை ஏசப் போனார். நான் இழுத்துப் பிடித்தேன். போன் போட்டுக் கேட்டார். "ஊருக்கு வந்து சொல்லுதேன்," என்று பதில் வந்தது.

அடுத்த வாரம் மதினி ஜெராக்ஸ் எடுக்க வந்தார். ஆதார் அட்டையை நீட்டிவிட்டு, பேசாமல் ஓரமாக நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே வந்துட்டாரா மதினி? அன்னைக்கு என்னதான் சொன்னாராம்?"

மதினி முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டார். முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"சொன்னாக," என்றார்.

அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.